குடத்துக்குள் விரல்

ஒரகடம்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் "சாப்பிட்டியா, தூங்கினியா"விலேயே நேரம் போய்விடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். உன்னிடம் கேட்க ஒரு மன்னிப்பும் பாக்கி இருக்கிறது.

சின்ன வயதில் அடிபம்பில் தண்ணீர் பிடிக்கப் போகும்போது குடத்தைச் சும்மா ஓர் அலசு அலசிவிட்டு ஓடுவேன். நீ பிடித்து நிறுத்தி, உள்ளே விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றுவாய். "வழவழங்குது பார், நார் போட்டுத் தேய்" என்பாய். கண்ணுக்குத் தெரியாத அழுக்கு உனக்கு மட்டும் தெரியுமா என்று கிண்டல் செய்திருக்கிறேன். போன வாரம்தான் அந்த விரலின் அருமை புரிந்தது.

எங்கள் ஷாப்பில் சி.என்.சி. மெஷின்களில் இரும்பை வெட்டும்போது சூடு ஏறாமலிருக்க, பால்போல வெள்ளையாக ஒரு கூலன்ட் ஊற்றிக்கொண்டே இருக்கும். தண்ணீரில் கொஞ்சம் எண்ணெய் கலந்த திரவம். ஞாயிறு மெஷின் ஓடாது. மெஷினிலிருந்து ஒழுகும் ஆயில் கூலன்ட் டேங்கின் மேல் ஆடைபோலப் படர்ந்து காற்றை அடைத்துவிடும். திங்கள் காலை சுவிட்சைப் போட்டால் அழுகின முட்டை நாற்றம். காற்றில்லாத இடத்தில் வளரும் ஒருவகை பாக்டீரியாவின் வேலை அது.

நாற்றம் வந்தால் மருந்து ஊற்று என்பதுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தது. ஊற்றினோம். இரண்டு வாரம் நன்றாக இருந்தது, மூன்றாம் வாரம் பழைய நாற்றமே. பழைய கூலன்டை இறக்கிவிட்டுப் புதிதாக நிரப்பியும் அதே கதை. கெமிக்கல் சப்ளை செய்யும் இடத்திலிருந்து ஒரு மேடம் வந்தார். ஒரு சின்னப் பட்டையைக் கூலன்டில் முக்கி எடுத்து வைத்தார். இரண்டு நாளில் அதில் வேர்க்குருபோலச் சிவப்புப் புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு பாக்டீரியாக் கூட்டமாம். பிறகு டேங்கைக் காட்டி, "கிளவுஸ் போட்டுக்கிட்டு மூலையில தொட்டுப் பாருங்க தம்பி" என்றார். தொட்டேன். வழவழவென்று இருந்தது, அக்கா! உன் குடம்தான் ஞாபகம் வந்தது.

அவர் சொன்னதை உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். காட்டன் புடவைக்கு நீ கஞ்சி போடுகிறாயே, அந்தக் கஞ்சியின் பிசுபிசுப்பு எதனால்? சர்க்கரைத் துணுக்குகள் ஒன்றோடொன்று கோத்து நீள நீளமான சங்கிலியாக இருப்பதால். பாக்டீரியாவும் அதே ரகச் சங்கிலிகளைத் தன் உடம்பிலிருந்து கசியவிடுகிறது. தண்ணீரில் மிதக்கிறவரை அதற்கு அவசியமில்லை. ஒரு சுவரில் ஒட்டியதும் பசையைச் சுரக்க ஆரம்பித்துவிடும். பக்கத்தில் இருப்பவையும் சுரக்க, எல்லாம் சேர்ந்து ஒரே போர்வை. அதில் பெரும்பங்கு தண்ணீர்தான். பயோஃபிலிம் என்கிறார்கள். மருந்தின் வீரியமெல்லாம் போர்வையின் மேல்பரப்பிலேயே தீர்ந்துபோகிறது. அடியில் இருப்பவை அரைத் தூக்கத்தில் கிடப்பதால் மருந்து எட்டினாலும் எளிதில் சாவதில்லை. இரண்டு வாரத்தில் எழுந்து மறுபடி குடித்தனம் நடத்துகின்றன. புதுக் கூலன்ட் அவற்றுக்குப் புதுச் சாப்பாடு, அவ்வளவுதான்.

இதை முதலில் கண்டவர் ஒரு ஜவுளி வியாபாரி என்றால் நம்புவாயா? ஹாலந்தில் டெல்ஃப்ட் ஊர்க்காரர், லேவன்ஹூக். தன் பல்லிடுக்கிலிருந்து சுரண்டிய அழுக்கைத் தானே செய்த லென்ஸில் பார்த்து, உள்ளே உயிர்கள் நீந்துவதை 1683-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அதுவும் கடிதம்தான்! வினிகரால் வாய் கொப்பளித்தும் பார்த்திருக்கிறார். அழுக்கின் வெளிப்புறத்தில் இருந்தவை மட்டும் செத்தன, உள்ளே இருந்தவை பிழைத்துக்கொண்டன. எங்கள் டேங்க் கதை அப்படியே அவர் பல்லில் நடந்திருக்கிறது.

பாப்பாவின் பல் கறுப்பதற்கும் இந்தப் போர்வைதான் காரணம். அவள் சாப்பிடும் மிட்டாய்ச் சர்க்கரையிலிருந்தே வாயிலுள்ள பாக்டீரியா பசை செய்து பல்லில் ஒட்டிக்கொள்கிறது. கொப்பளித்தால் போகாது. ராத்திரி படுக்கும் முன் நீயே தேய்த்துவிடு.

இதையெல்லாம் படித்துவிட்டு மாவுச் சட்டியைப் பார்த்துப் பயப்படாதே. இட்லி மாவைப் பொங்கவைக்கும் லியூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியாவும் சர்க்கரை கிடைத்தால் பசை செய்யும். கரும்பாலையில் சாறு கொழகொழத்துப் போவது அதனால்தான். நமக்கு மட்டும் அது பூப்போல இட்லி தருகிறது.

கடைசியில் நாங்கள் செய்தது என்ன தெரியுமா? டேங்கைக் காலி செய்து, மூலைமுடுக்கு, பைப் எல்லாம் பிரஷ் போட்டுத் தேய்த்து, மருந்து கலந்த தண்ணீரை ஓடவிட்டு, அலசி, அதற்குப் பிறகுதான் புதுக் கூலன்ட் நிரப்பினோம். முதலில் தேய், அப்புறம் மருந்து. நீ பத்தாம் வகுப்போடு நின்றவள், இதை எனக்கு எட்டு வயதிலேயே சொல்லிவிட்டாய்.

ரூம் மாடியில் ஒரு டேங்க் இருக்கிறது. லாரித் தண்ணீர். மூன்று பேர் இருக்கிறோம், ஒருவரும் இதுவரை உள்ளே கையை விட்டதில்லை. இன்று சாயங்காலம் நான் விட்டேன். என்ன தெரிந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. மாமா இந்தப் பக்கம் வந்தால் தேங்காய் நார் கொஞ்சம் கொடுத்தனுப்பு.

அன்புடன்,
உன் தம்பி