டூம்ஸ்டே புத்தகமும் வெள்ளானூர் ஆயாவும்

"இங்கிலாந்து வரலாற்றை அறிய உதவும் மூல ஆதாரங்களை விவரி." பி.ஏ. வரலாறு படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி நன்றாகத் தெரியும். பத்து மார்க். ஆங்கிலோ சாக்சன் குறிப்பேடு, டூம்ஸ்டே புத்தகம், மாக்னா கார்ட்டா, சாமுவேல் பெப்பிஸின் நாட்குறிப்பு என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வரி போட்டால் ஏழு மார்க் நிச்சயம்.

வெள்ளானூரில் இருந்து தினமும் ஆவடிக்கு வந்து, அங்கே ரயில் பிடித்துக் கல்லூரிக்குப் போகும் ஒரு மாணவனுக்கு இதே தலைப்பில் அசைன்மென்ட் கொடுத்தார்கள். அவனும் ஏழு மார்க் ஆசாமிதான். ராத்திரி உட்கார்ந்து நோட்ஸைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தான். "ஏர் எத்தனை, ஆலை எத்தனை, பன்றி மேய்க்கும் காடு எவ்வளவு, முன்பு மதிப்பு என்ன, இப்போது மதிப்பு என்ன..."

திண்ணையில் படுத்திருந்த ஆயா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏண்டா கண்ணு, யாரு சொத்துக் கணக்குடா படிக்கிற?"

"நம்ம ஊர் இல்ல ஆயா. இங்கிலாந்து. 1086ல எழுதினது."

"அப்பவே ஏரு எத்தினின்னு எழுதினானா?"

"ஆமா. வில்லியம்னு ஒரு ராஜா வெளியூர்ல இருந்து வந்து அந்த நாட்டைப் புடிச்சான். அப்புறம் ஊர் ஊரா ஆள் அனுப்பிக் கணக்கு எடுத்தான்."

"எந்த ராசா வந்தாலும் மொதல்ல நெலத்தத்தான் அளப்பான். அது சரி, நம்ம ஊரக் கணக்கு எடுத்தாங்களா?"

அவனிடம் பதில் இல்லை. எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஊர்களின் பன்றிக் கணக்கு தெரிகிறது. சொந்த ஊர் ஏரியின் கணக்கு தெரியவில்லை!

டூம்ஸ்டே பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். நார்மண்டியில் இருந்து வந்த வில்லியம் 1066ல் இங்கிலாந்தைப் பிடித்தார். 1085 கிறிஸ்துமஸ் சமயத்தில் குளோஸ்டரில் கூடிய சபையில் இந்தக் கணக்கெடுப்பு முடிவானது. அடுத்த ஆண்டே வேலை நடந்தது. 13,000க்கும் மேற்பட்ட ஊர்கள் அதில் இருக்கின்றன. லண்டன் இல்லை, வடகோடிப் பகுதிகள் இல்லை. ஆனாலும் தெற்கே ஒரு சின்ன கிராமத்துக்காரர் இன்றைக்கு இணையத்தில் தன் ஊர்ப் பெயரைத் தட்டினால், 900 வருடத்துக்கு முந்தைய பக்கம் கண்முன் வந்து நிற்கும். மூலப் பிரதி லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது.

எல்லாம் வரிக்காகத்தான். வரலாறு எழுதுவதற்காக யாரும் அந்தக் கணக்கை எடுக்கவில்லை.

மறுநாள் அவன் தன் பேராசிரியரிடம் ஆயாவின் கேள்வியைக் கேட்டான். அவர் சிரித்துவிட்டு, "எழும்பூர் போய்ப் பாரு" என்றார்.

எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே, காந்தி இர்வின் சாலையில், சிவப்புச் செங்கல் கட்டிடம் ஒன்று இருக்கிறது. ஆயிரம் முறை அந்தப் பக்கம் போனவர்களுக்கும் அது என்ன என்று தெரியாது. அதுதான் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1909ல் கட்டி முடிக்கப்பட்டது. 1973 வரை அதன் பெயர் மெட்ராஸ் ரெக்கார்டு ஆபீஸ். கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டை ஆவணங்கள் 1670களில் இருந்து அங்கே இருக்கின்றன. கொச்சியில் இருந்து வந்த டச்சுக்காரர்களின் பழைய ஏடுகளும் உண்டு.

ஆவடியில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பார்க் ஸ்டேஷனில் மாறி, ஒரே ஸ்டாப்பில் எழும்பூர். கையில் கல்லூரியின் அறிமுகக் கடிதம். முதல் நாள் அவன் கேட்டு வாங்கியது அச்சில் வந்த தொகுதிகளை. செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கவுன்சில் கூடிய நாட்களின் நடவடிக்கைக் குறிப்புகள் 1910ல் இருந்து புத்தகங்களாக வெளிவந்தவை. எந்தக் கப்பல் வந்தது, எத்தனை கட்டுத் துணி வாங்கினார்கள், எந்த வியாபாரிக்கு எவ்வளவு முன்பணம் என்று பக்கம் பக்கமாகப் போகிறது. இங்கிலாந்து வரலாற்றின் மூல ஆதாரம் என்றால் லண்டனில்தான் இருக்கும் என்று நினைத்தவனுக்கு ஆச்சரியம். இரண்டாம் சார்லஸ் காலத்து இங்கிலீஷ்காரர்கள் நம் எழும்பூரில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்! அந்தக் குறிப்புகளின் இன்னொரு பிரதி கப்பலில் லண்டனுக்குப் போனது. அந்தப் பிரதிகள் 1982ல் இருந்து பிரிட்டிஷ் நூலகத்தின் பொறுப்பில் இருக்கின்றன.

தேதியிலேயே அவனுக்கு முதல் அடி விழுந்தது. அந்தக் காலத்து இங்கிலீஷ்காரனுக்கு வருடம் பிறப்பது ஜனவரி 1 அல்ல, மார்ச் 25. 1752ல்தான் இதை மாற்றினார்கள். அதனால் நாம் 1680 ஜனவரி என்று சொல்வதை அவர்கள் 1679 என்றே எழுதியிருப்பார்கள். நாளும் இடிக்கும். 1746ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்த நாள் இங்கிலீஷ் கணக்கில் செப்டம்பர் 10, பிரெஞ்சுக் கணக்கில் செப்டம்பர் 21. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைத் திறந்தால் அது அட்சய வருஷம் புரட்டாசி மாதம். மூன்றும் ஒரே நாள்தான். இது தெரியாமல் பரீட்சையில் எத்தனை பேர் எத்தனை தேதியை எழுதி அடி வாங்கினார்களோ...

சரி, ஆயாவின் கேள்விக்கு வருவோம்.

நம் பகுதிக்கும் ஒரு டூம்ஸ்டே இருக்கிறது. ஆற்காட்டு நவாப் முகம்மது அலி தன் கடனுக்கும் நன்றிக்கும் ஈடாகச் சென்னையைச் சுற்றியிருந்த சீமையை 1763ல் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். செங்கல்பட்டு ஜாகீர் என்று அதற்குப் பெயர். பூந்தமல்லிச் சீமையும் அதில் அடக்கம். புது முதலாளி என்ன செய்வான்? ஆயா சொன்னதுதான். தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளரை அனுப்பி, 1767 முதல் 1774 வரை சுமார் 2,000 ஊர்களை அளந்தார்கள். எவ்வளவு நிலம், எத்தனை ஏரி குளம், எத்தனை கோயில், சாதி வாரியாக, தொழில் வாரியாக எத்தனை வீடு என்று எல்லாம் அதில் உண்டு. ஆங்கிலச் சுருக்கம் எழும்பூரில் இருக்கிறது. ஊர்க் கணக்குப்பிள்ளைகள் தமிழில் ஓலையில் எழுதிய விரிவான கணக்குகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. திருப்போரூர், வடக்குப்பட்டு இரண்டின் ஓலைக் கணக்குகளும் 2001ல் புத்தகமாகவே வந்துவிட்டன.

அந்தக் கணக்குகளில் ஒரு சொல் அவனைப் பிடித்து நிறுத்தியது. 'சுதந்திரம்'. இவ்வளவு கலம் நெல் சுதந்திரம், இவ்வளவு மரக்கால் சுதந்திரம். என்னடா இது, நெல்லை மரக்காலில் அளக்கலாம், சுதந்திரத்தை எப்படி அளப்பது? பிறகுதான் புரிந்தது. களத்தில் நெல் குவித்ததும், பங்கு பிரிப்பதற்கு முன்னால், தச்சருக்கு, கொல்லருக்கு, வண்ணாருக்கு, தலையாரிக்கு, ஏரி மடை பார்ப்பவருக்கு, கோயிலுக்கு என்று எடுத்து வைக்கும் உரிமைப் பங்குக்குப் பெயர் சுதந்திரம். யாரும் பிச்சையாகக் கொடுப்பதல்ல, அவரவருக்கு உரியது.

இந்தக் கணக்கெடுப்பு முடிந்த ஆறு வருடத்தில், 1780ல், ஹைதர் அலியின் படை வந்தது. சண்டையில் இந்தச் சீமை சின்னாபின்னமானது. ஊர்கள் காலியாயின. அப்படியானால் பர்னார்டு கணக்கில் இருக்கும் வீடுகள், அழிவதற்கு முன் கடைசியாக எண்ணப்பட்டவை. டூம்ஸ்டேவிலும் இப்படி ஒன்று உண்டு. 1069, 70ல் வடக்கே கலகத்தை அடக்க வில்லியம் ஊர் ஊராகக் கொளுத்தினார். யார்க்ஷர் பக்கங்களில் பல ஊர்களுக்கு நேராக 'பாழ்' என்ற ஒரே சொல். அவ்வளவுதான் கணக்கு.

வெள்ளானூரைத் தேடுவது அடுத்த வேலை. அதில் பெரிய சிக்கல் ஸ்பெல்லிங். அந்தத் துரைமார் காதில் விழுந்தபடி எழுதினார்கள். வெ-க்கு 'வி' போட்டார்களா 'டபிள்யூ' போட்டார்களா? 'ல்' ஒன்றா இரண்டா? கடைசியில் 'ஊரா', 'ஓரா'? அவன் நோட்டில் ஒன்பது விதமாக எழுதி வைத்துக்கொண்டு திரும்பினான்.

அன்று ராத்திரி ஆயாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். ஆயா கடைசி வரை கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

"அதுல எங்க ஆளுங்க பேரு இருக்குமா?"

"பேரு இருக்காது ஆயா. இத்தினி வீடுன்னு இருக்கும்."

"நட்டது நாங்க, அறுத்தது நாங்க. பேரு வேற எவனோடதோ. சரி, போ."

அவனுக்குச் சுருக்கென்றது. டூம்ஸ்டேவிலும் அதுதான் கதை. நிலப்பிரபுக்களுக்குப் பெயர் இருக்கிறது. உழுதவர்களுக்கு எண்ணிக்கை மட்டும். கணக்கில் வந்தவர்களில் சுமார் பத்து சதவீதம் பேர் அடிமைகள். நம் ஊரிலும் வயல்வேலை செய்தவர்கள் பலர் அடிமைகளாகவே இருந்தார்கள். 1843ன் ஐந்தாவது சட்டம் வந்த பிறகுதான் அதற்குச் சட்டத்தில் இடமில்லாமல் போனது.

அப்படியானால் இந்தக் காகிதங்களால் ஆயாவுக்கு என்ன லாபம்? இந்தக் கேள்வி அவனைத் திரும்பவும் எழும்பூருக்கு இழுத்தது. இந்த முறை அவன் படித்தது இரண்டு கதைகள்.

முதல் கதை 1377ல் நடக்கிறது. தென் இங்கிலாந்தில் குறைந்தது நாற்பது ஊர்களின் குடியானவர்கள் காசு வசூல் செய்து, டூம்ஸ்டேவில் தங்கள் ஊர் இருக்கும் பகுதிக்கு அரசு நகல் வாங்கினார்கள். "எங்கள் ஊர் பழைய காலத்தில் ராஜாவின் சொந்த நிலம். அதனால் இந்தப் பிரபுவுக்கு நாங்கள் வெட்டி வேலை செய்யத் தேவையில்லை" என்பது அவர்கள் வாதம். முந்நூறு வருடத்துக்கு முன் தங்களிடம் வரி பிடுங்க எழுதிய புத்தகத்தையே அவர்கள் சாட்சிக்கு அழைத்தார்கள்! வழக்கு பலிக்கவில்லை. நாலே வருடத்தில், 1381ல், பெரிய குடியானவர் கலகம் வெடித்தது. பல ஊர்களில் கலகக்காரர்கள் பண்ணை ஆவணங்களைத் தேடி எடுத்துக் கொளுத்தினார்கள். காகிதத்தில் என்ன இருக்கிறது என்று எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் தெரிந்திருந்தது.

இரண்டாவது கதை நம் செங்கல்பட்டுக் கதை. 1891ல் பொறுப்புக் கலெக்டராக இருந்த டிரமென்ஹீர், இந்த மாவட்டத்தின் பறையர் மக்களுடைய நிலைமை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாத நிலையை அதில் சொன்னார். 1892ல் அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. பத்து வருடத்துக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் அந்தப் பிரிவினருக்கு மட்டுமே விற்கலாம் என்று நிபந்தனை. இதுதான் பஞ்சமி நிலம். அந்த நிலங்களில் பல பிற்பாடு யார் யார் கைக்கோ போனது எல்லோருக்கும் தெரியும். 1994 அக்டோபரில் செங்கல்பட்டு அருகே காரணையில் பஞ்சமி நில மீட்புப் போராட்டம் நடந்தபோது, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் இறந்தார்கள். இன்றும் ஒரு சர்வே எண் பஞ்சமி நிலமா இல்லையா என்று கேட்டால், பழைய பதிவேட்டைத்தான் புரட்ட வேண்டும். நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு வரி இருந்தால் நிலம் இருக்கிறது. இல்லாவிட்டால் இல்லை.

பத்து மார்க் கேள்விக்கு இதை எங்கே எழுதுவது? அசைன்மென்டில் கடைசிப் பக்கத்தில் அவன் இதை எழுதினான். ஆவணம் யாருக்காக எழுதப்பட்டதோ அவருக்கு மட்டும் சொந்தமில்லை, பின்னால் வருபவர் எதைக் கேட்கிறாரோ அதற்கும் அது பதில் சொல்லும் என்பது அதன் சாராம்சம். பேராசிரியர் எட்டு மார்க் போட்டார். "மாக்னா கார்ட்டா விடுபட்டுள்ளது" என்று சிவப்பு மையில் ஒரு குறிப்பும் இருந்தது!

ஒன்பது ஸ்பெல்லிங்கோடு அவன் எழும்பூர் போவது இன்னும் நடக்கிறது. நடுவில் வேறு ஒரு வேலையும் சேர்ந்துகொண்டது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, மேலே தேதி போட்டு, ஆயா சொல்லச் சொல்ல எழுதுகிறான். எந்த மடையில் எப்போது தண்ணீர் விடுவார்கள், யார் யார் சேர்ந்து நாற்று நட்டார்கள், கூலி நெல் எத்தனை படி, கர்ணம் என்ன சொல்லி ஏமாற்றினார், 1980ல் கர்ணம் பதவி போனபோது ஊரில் என்ன பேசிக்கொண்டார்கள்.

"இதெல்லாம் எவன் படிக்கப் போறான்?" என்கிறார் ஆயா.

"பன்னி கணக்கையே 900 வருஷமா படிக்கிறாங்க ஆயா. நீ சொல்லு."

"மொதல்ல என் பேரை எழுது" என்றார் ஆயா. எழுதிவிட்டான். முதல் பக்கம், முதல் வரி.