உருள விட்டுத் திருப்பு

மலர்க்குழுவினர் என்னிடம் கட்டுரையொன்று கேட்டபொழுது, பழைய ஆசிரியப் பெருந்தகைகளைப் பற்றியே எழுதுவேனென்று எதிர்பார்த்திருப்பர். அதற்கு வல்லார் பலருளர். நானோ பழைய வானொன்றைப் பற்றி எழுதப் புகுகின்றேன். கல்லூரி வாயிலில் ஒருநாள் நான் சொன்ன பொய்யும் அதனோடு சேர்ந்து வருவதால், இம்மலரில் அதற்கு இடமுண்டென்றே எண்ணுகின்றேன்.

2022ஆம் ஆண்டு. டொலர் தட்டுப்பாட்டினால் நாடு தத்தளித்த காலம். ஜூலையில் வந்த பங்கீட்டு முறையில் வானொன்றுக்குக் கிழமைக்கு 20 லீற்றர் எரிபொருளே கிடைத்தது. உதிரிப்பாகங்களின் விலையோ கைக்கு எட்டாதது. அக்காலத்திலேதான் எங்கள் வானின் பவர் ஸ்ரியறிங் பம்ப் ஒயில் ஒழுகத் தொடங்கிற்று. அக்காவைக் கிழமைக்கு இருமுறை சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் குருதிச் சுத்திகரிப்புக்காக அழைத்துச் செல்லவேண்டும். அதில் ஒருநாளேனும் தவறலாகாது. ஊர் மெக்கானிக் பெல்ற்றைக் கழற்றி என் கையில் தந்து, "மாஸ்ரர், இனிக் கைப்பலந்தான்" என்றார். எனக்கு அப்பொழுது வயது எழுபது.

இயந்திரம் பெல்ற்றைச் சுழற்ற, பெல்ற் பம்பைச் சுழற்றும். பம்ப் ஒயிலை அமுக்கி அனுப்ப, நாம் சுக்கானைத் திருப்பும் பக்கத்துக்கு அவ்வமுக்கம் சென்று சில்லுகளைத் தள்ளும். பம்ப் நின்றால் தள்ளுவாரில்லை என்பது மட்டுமன்று. உள்ளே தேங்கிய ஒயிலையும் நம் கையே தள்ளவேண்டும். முதல்நாள் பட்ட பாட்டைக் கேட்ட மெக்கானிக், மறுநாள் பம்புக்குப் போகும் குழாயையும் வரும் குழாயையும் ஒன்றோடொன்று இணைத்து, ஒயில் தடையின்றிச் சுற்றிவர வழிசெய்தார். பாரம் சற்றே குறைந்தது. ஆயினும் தோள்மூட்டு இரவில் உறங்கவிடவில்லை.

முன்னாளில் பவர் ஸ்ரியறிங் இல்லாத லொறிகளை மனிதர் ஓட்டவில்லையா என்று நண்பரொருவர் கேட்டார். ஓட்டினர். ஆனால் அவற்றின் சுக்கான் அகன்றது. பலமுறை சுற்றினாற்றான் சில்லு முழுதும் திரும்பும். ஒவ்வொரு சுற்றிலும் பாரம் பங்கிடப்படும். துணையோடு ஓடுவதற்கென்றே செய்த வானில் சுக்கான் சிறிது, சுற்றுக்களும் குறைவு. துணை போனபின், ஒருபொழுதும் துணையில்லாதிருந்த வண்டியிலும் அது பாரமாகின்றது.

கைதடியும் நாவற்குழிப் பாலமும் எனக்குத் துன்பம் தரவில்லை. ஓடும்பொழுது சுக்கான் இலேசுதான். நகருக்குள் நுழைந்து, வைத்தியசாலைக்கு அண்மையில் வானை நிறுத்த இடந்தேடும்போதே சோதனை. ஒருநாள் பின்னே எடுக்கையில் சுக்கானை வேண்டிய அளவு ஒடிக்க இயலாமல், சைக்கிளில் நின்ற மாணவனொருவனை மயிரிழையில் தவிர்த்தேன். அவன் ஏசவில்லை. வெள்ளைச் சீருடையோடு கிட்ட வந்து, கண்ணாடிக்குள் கையை விட்டு, என்னோடு சேர்ந்து சுக்கானை இழுத்தான். (மாணவத் தம்பிமார் இத்தகைய வாகனத்தை ஓட்ட முனையற்க. திடீரென விலத்தவேண்டிய வேளையில் கைப்பலம் போதாது.)

அன்று வீடு திரும்பும் வழியில் ஐயாவின் சொல் நினைவுக்கு வந்தது. ஐயா வெங்காயமும் மிளகாயும் ஏற்றிக் கொழும்புக்கு லொறி ஓட்டியவர். விடுமுறையில் என்னை மடியிலிருத்திச் சுக்கானைப் பிடிக்கவிட்டு, "நிக்கிற சில்லைத் திருப்பாதை. உருள விட்டுத் திருப்பு" என்பார். மறுமுறை நிறுத்தும்போது, வானை ஒரு சாணளவாவது உருளவிட்டுத் திருப்பினேன். திரும்பிற்று. ரயரின் காற்றையும் சரிபார்க்கத் தொடங்கினேன். அக்காவை ஒருநாளும் பிந்தவிடவில்லை.

ஆனால் அச்சொல்லோடு வேறொன்றும் வந்தது. 1966இல் நான் விடுதி மாணவன். ஒருநாள் ஐயா கொழும்பிலிருந்து திரும்பும் வழியில், விடுதிக் கட்டணத்தைக் கடுதாசியில் சுற்றிக்கொண்டு, லொறியோடு கல்லூரி வாயிலுக்கு வந்தார். சட்டையெல்லாம் மிளகாய்த் தூள். யாரென்று நண்பன் கேட்க, "எங்கள் ஊரவர்" என்றேன். ஐயா நாலு முழத் தூரத்திலே நின்றார். ஒன்றும் பேசவில்லை. அந்த ஒடுங்கிய ஒழுங்கையில் லொறியைத் திருப்பத் தொடங்கினார். முன்னே சிறிது, பின்னே சிறிது. இரு தோள்களும் எழுந்தெழுந்து தாழ்ந்தன. எத்தனை முறை என்று எண்ணாமல், நான் வகுப்புக்குப் போய்விட்டேன். அதன்பின் ஐயா கல்லூரிக்கு வந்தபோதெல்லாம் லொறியைச் சந்தியிலே நிறுத்திவிட்டு நடந்தே வந்தார். திருப்புவது சிரமமென்றுதான் அப்படிச் செய்கிறாரென, அக்காவிடம் கூட நெடுங்காலம் சொல்லிவந்தேன்.

2023இல் பழைய பம்பொன்று கிடைத்துப் பூட்டினோம். மறுநாட் காலை வழக்கம்போல் முழுப்பலத்தோடும் சுக்கானை வளைக்க, வான் துள்ளித் திரும்பிப் படலைத் தூணை உரசிற்று. பின்னிருக்கையிலிருந்த அக்கா, "என்ன தம்பி, ஐயாவின்ரை லொறி எண்டு நினைச்சியோ?" என்றார்.

அன்று வைத்தியசாலைக்குப் போகும் வழியில், கைதடி தாண்டியபின், வாயிலில் நடந்ததை அவரிடம் சொன்னேன். அக்கா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "ஐயா எனக்கு அண்டைக்கே சொன்னவர்" என்றார்.