மயிலுக்குப் போர்வை

மயில் குளிரால் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையை எடுத்து அதன்மேல் போர்த்தினான் பேகன். கடையெழு வள்ளல்களுள் ஒருவன். பழனிமலைப் பகுதியை ஆண்ட ஆவியர் குடித் தலைவன். அந்த மலையின் அடிவாரத்தில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் 34 ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவன் நான். அந்தப் பாடத்தை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். நடத்தும்போதெல்லாம் என் குரல் தழுதழுக்கும். "மயில் கேட்டதா? இல்லை! வாய்விட்டு வேண்டியதா? இல்லை! கேளாத உயிரின் குறிப்பறிந்து கொடுத்தான், அதுவன்றோ கொடை!" என்று மேசையைத் தட்டுவேன். மாணவர்கள் மெய்ம்மறந்து கேட்பார்கள். மணி அடிக்கும், பாடம் முடிந்துவிடும்.

பாடம் அங்கே முடிந்துவிடவில்லை என்பதை, என் 66-ஆம் வயதில், பழனிமலைக்குப் பல்லாயிரம் கல் தொலைவில், பனிக்கட்டி படர்ந்த ஒரு வாசற்படியருகே கற்றுக்கொண்டேன். அதற்கு நான் கொடுத்த விலை, என் துணைவியாரின் வலக்கை மணிக்கட்டு!

*

2014-இல் ஓய்வு பெற்றேன். தோட்டம், நூலகம், அவ்வப்போது மேடை என்று எட்டு ஆண்டுகள் ஓடின. மகன் கனடா நாட்டு டொராண்டோ மாநகரின் ஸ்கார்பரோ பகுதியில் குடும்பத்தோடு வாழ்கிறான். "தனியே ஏன் இருக்கிறீர்கள்? வந்துவிடுங்கள்" என்று அழைத்தபடி இருந்தான். பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் நெடுநாள் வந்து தங்க, 2011 டிசம்பரில் 'சூப்பர் விசா' என்ற அனுமதியைக் கனடா அரசு ஏற்படுத்தியது. 2022 ஜூலை முதல், ஒருமுறை வந்தால் 5 ஆண்டுகள் வரை தங்கலாம் என்றாயிற்று. அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் நாங்கள் இருவரும் விமானம் ஏறினோம்.

குளிர் என்றால் எங்களுக்குக் கொடைக்கானல்தான். கோடையில் இரண்டு நாள் தங்குவோம். கம்பளிச் சட்டை அணிவோம். 'என்ன குளிர், என்ன குளிர்' என்று வியப்போம். மலையிறங்கிப் பழனி வந்து சேருமுன் வியர்த்துவிடும். விடுமுறைக் குளிர் அது. விருந்தாளி போல வந்து போவது. ஸ்கார்பரோவில் நாங்கள் கண்டதோ வீட்டுக்காரக் குளிர்! நவம்பரில் வந்து அமர்ந்தால் மார்ச்சு வரை எழுந்திருப்பதில்லை. ஜனவரியில் சுழியத்திற்குக் கீழே 10 பாகை, 15 பாகை என்று இறங்கும் நாள்கள் உண்டு. காற்றும் சேர்ந்துகொண்டால் உடம்பு உணரும் குளிர் இன்னும் மிகும். காற்றின் கடுமையையும் சேர்த்துக் கணக்கிட்ட குளிர் −28-ஐத் தொட்டால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறைந்துபோகக்கூடும் என்று அரசே எச்சரிக்கிறது. டிசம்பரில் மாலை 5 மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடுவான்.

மகன் எல்லாவற்றையும் வாங்கி வைத்திருந்தான். உடலோடு ஒட்டிய உள்ளாடை, கம்பளிச் சட்டை, கனத்த மேலங்கி, குல்லாய், கையுறை, முழங்கால் அளவு பூட்ஸ் என்று இருவருக்கும் இரண்டு தொகுதிகள்.

நான் என்ன செய்தேன்? 34 ஆண்டுகள் வேட்டியோடு வகுப்புக்குச் சென்ற நான், அன்றே வேட்டியை மடித்துப் பெட்டியில் வைத்தேன். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு காற்சட்டைகளை அணிந்தேன். பூட்ஸுக்குள் காலை நுழைத்தேன். கண்ணாடியில் பார்த்தேன், தமிழ்ப் பண்பாடு என்னை விட்டுப் பறந்துபோனதாகத் தோன்றவில்லை!

ஆனால், துணைவியாருக்கு வாங்கிய காற்சட்டையை மகன் எடுத்து நீட்டியபோது, எனக்குள் எங்கிருந்தோ ஒரு காவலன் கிளம்பினான். "அறுபது வயதில் அம்மாவுக்குக் காற்சட்டையா? ஊரில் படம் பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள்? சேலையின்மேல் அந்த மேலங்கி போதும். வீட்டுக்குள் இருப்பவளுக்குப் பூட்ஸ் எதற்கு?" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததைச் சம்மதம் என்று கொள்வது ஆடவர் வகுத்த இலக்கணம். அதற்கு நூற்பா எழுதியவரும் அவரே. உரை எழுதியவரும் அவரே! மாதர் உரிமை பற்றி எத்தனை மேடைகளில் முழங்கியிருப்பேன்? அந்த முழக்கம் என் வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவே இல்லை.

*

உடை வெப்பத்தை உண்டாக்குவதில்லை, நண்பரே! வெப்பத்தை உண்டாக்குவது உடல்தான். உடையின் மடிப்புகளுக்குள் அடைபட்ட காற்று, அந்த வெப்பம் வெளியே ஓடிவிடாமல் காக்கிறது. அதனால்தான் தடித்த ஒரே உடையைவிட, மெல்லிய மூன்று உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாய் அணிவது மேல் என்கிறார்கள். நம் வெயிலுக்கு ஏற்றதாகக் கீழே திறந்து, காற்றை உள்ளே வரவிடும் சேலை, அங்கே அதே காரணத்தால் பகையாகிவிடுகிறது. அறிவோடு செய்த ஏற்பாடு, ஊர் மாறியபின் அறிவோடு மாற்றப்பட வேண்டும். மாற்ற மறுத்தால், நேற்றைய அறிவே இன்றைய மூடப்பழக்கம்.

முதுமையோ குளிருக்கு மிகவும் எளிய இரை. இளைஞன் உடல் குளிர்ந்தால் நடுங்கி நடுங்கியே வெப்பத்தை ஆக்கிக்கொள்ளும். முதியவர் உடலில் அந்த நடுக்கமும் குறைவு. குளிர்கிறது என்று உணர்வதும் தாமதம். குளிர்காலத்தில் கதிரவன் மிகவும் தாழ்ந்து செல்வதால், எலும்புக்கு உறுதி தரும் 'டி' உயிர்ச்சத்தை அந்த ஒளியால் உடல் ஆக்கிக்கொள்ள முடிவதில்லை. கறுத்த தோலினருக்கு இந்தக் குறை இன்னும் மிகுதி. 50 வயது கடந்தவர்கள் நாள்தோறும் 400 அலகு உட்கொள்ள வேண்டும் என்கிறது கனடா நாட்டுச் சுகாதாரத் துறை. மாதவிலக்கு நின்ற பின் பெண்களின் எலும்பு விரைவாக வலுவிழக்கும் என்பதும் மருத்துவர் சொல்லும் உண்மை. ஆக, அந்த வீட்டில் பூட்ஸ் யாருக்கு முதலில் தேவை? கணக்குத் தெரிந்த எவரும் சொல்லிவிடுவார். எனக்கு மட்டும் தெரியவில்லை!

இரண்டு மாதங்கள் அவர் சன்னலோரத்திலேயே இருந்தார். நான் மகனோடு நூலகம் போவேன்; கடைக்குப் போவேன். "நீயும் வாயேன்" என்பேன். "நீங்க போயிட்டு வாங்க" என்பார். குளிர் பிடிக்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். வெளியே இறங்கக் காலணி இல்லாதவருக்குக் குளிர் பிடித்தால் என்ன, பிடிக்காவிட்டால் என்ன?

பக்கத்து வீட்டில் ஓர் ஈழத்து மூதாட்டியார். 1983 கலவரத்திற்குப் பின் உயிர் தப்பி வந்த பல்லாயிரவருள் ஒருவர். ஒருநாள் என் துணைவியாரின் காலைப் பார்த்தார். காலுறைமேல் ரப்பர்ச் செருப்பு. உள்சூட்டின் வறட்சியில் வெடித்த குதிகால். என் பக்கம் திரும்பினார்.

"வாத்தியார், கோவிக்காதேங்கோ. உயிர் தப்பினால் போதும் எண்டு ஓடி வந்தனாங்கள் நாங்கள். முதல் பனிக்கே சீலைக்குக் கீழ காற்சட்டை போட்டனான். சீலையும் எங்கயும் போகேல்லை, நானும் போகேல்லை. தங்கச்சிக்கு ஒரு சோடி சப்பாத்து வாங்கிக் குடுங்கோ."

நான் சிரித்து மழுப்பினேன்.

*

2023 ஜனவரி. முதல்நாள் பகலில் சற்று வெயில் அடித்துப் பனி உருகியிருந்தது. இரவில் அந்த நீர் மீண்டும் உறைந்து, படியிலும் பாதையிலும் கண்ணாடி போல் படர்ந்திருந்தது. 'கரும்பனி' என்கிறார்கள், அதற்கு நிறமே இல்லை. அடியில் உள்ள தாரின் கருமைதான் தெரிகிறது, பனிக்கட்டி தெரிவதில்லை. அதன்மேல் உப்பைத் தூவி உருக்குவார்கள். நம் ஊரில் குல்பி விற்பவர் பானையில் பனிக்கட்டியோடு உப்பைக் கலக்கிறாரே, அதே உண்மைதான்: உப்பு சேர்ந்தால் பனிக்கட்டி, உறைநிலைக்குக் கீழேயும் உருகும். அன்று காலை எங்கள் வீட்டில் இன்னும் உப்புத் தூவவில்லை.

ஆறு வயதுப் பேரனை அழைத்துக்கொண்டு பள்ளி வண்டிக்காக நான் தெருமுனைக்கு நடந்துகொண்டிருந்தேன். என் காலில் பூட்ஸ். பையன் கையுறையை மறந்துவிட்டான். அதை முதலில் கண்டவர் அவர்தான். கையுறையை எடுத்துக்கொண்டு, சேலையும் ரப்பர்ச் செருப்புமாக வெளியே ஓடிவந்தார். பேரனின் விரல் குளிருமே என்று எண்ணியவர், தம் காலை எண்ணவில்லை.

திரும்பிப் பார்த்தேன். இரண்டாம் படியில் கால் வழுக்கியது. விழும்போது கையை ஊன்றினார். அந்த ஒலி இன்றும் என் காதில் இருக்கிறது. கையுறையை மட்டும் அவர் விடவில்லை.

மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் கட்டு. இந்த விசாவில் வருவோர் குறைந்தது 1,00,000 கனடா டாலர் அளவுக்கு மருத்துவக் காப்பீடு எடுத்துத்தான் வரவேண்டும். அது இருந்ததால் மகன் கடனாளியாகவில்லை. ஆனால் அன்றிரவு, வலி மருந்தின் அரைத்தூக்கத்தில் அவர் கேட்டாரே ஒரு கேள்வி, அதற்கு எந்தக் காப்பீடு ஈடு செய்யும்?

"ஏங்க, பேகன் பாடம் நடத்துவீங்களே... அவன் சம்சாரத்தோட கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கீங்களா?"

வினாத்தாள்களை எனக்காகப் பல ஆண்டுகள் படியெடுத்துத் தந்தவர் அவர். நான் திறந்து வைத்துவிட்டுப் போன புறநானூற்றை, அடுப்படி வேலைக்கிடையே படித்தவர். பேகனின் மனைவியின் பெயர் கண்ணகி. சிலப்பதிகாரக் கண்ணகி அல்லள், வேறொருத்தி. அவளைத் துறந்து வேறொருத்தியை நாடிச் சென்றான் பேகன். கபிலரும் பரணரும் அரிசில்கிழாரும் பெருங்குன்றூர்கிழாரும் அவனிடம் சென்று, அவளுக்காகப் பாடினார்கள். அவற்றுள் பரணர் பாடிய 145-ஆம் பாட்டு, மயிலுக்கு அவன் போர்வை தந்ததைச் சொல்லித்தான் தொடங்குகிறது. பசித்து வரவில்லை என்று சொல்லி, அவள் துயர் தீர்ப்பதையே தமக்குப் பரிசிலாகக் கேட்கிறார் புலவர். மயிலுக்கு இரங்கியவனே, மனைவிக்கு இரங்கு!

34 ஆண்டுகள் பாட்டின் முதற்பாதியை மட்டும் நடத்திவிட்டு மணியடிக்கவிட்டவன் நான். மயில் கேட்கவில்லை, பேகன் குறிப்பறிந்தான் என்று மேசையைத் தட்டினேன். என் வீட்டிலும் ஒருவர் கேட்கவில்லை, நான் அறியவில்லை.

"சொல்லவில்லை" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

*

அந்த ஆறு வாரங்களில் எனக்குப் புதிய பள்ளி தொடங்கியது. தலை வாரிவிடக் கற்றேன். பின்னல் முதலில் கோணிற்று, பிறகு நேராயிற்று. ரசம் வைத்தேன், பேரப்பிள்ளைகள் முகம் சுளித்தார்கள், அவர் மட்டும் குடித்தார். கட்டுப் பிரித்ததும் கடைக்குப் போனோம். இம்முறை நான் வாய் திறக்கவில்லை. பூட்ஸை அவரே தேர்ந்தெடுத்தார். காற்சட்டையையும் அவரே. பனிக்கட்டியைப் பற்றும் பற்கள் கொண்ட பட்டை ஒன்றைப் பூட்ஸின் அடியில் மாட்டக் கற்றார். அடியைச் சிறிதாக வைத்து, பாதம் முழுவதும் பதித்து, வாத்துப் போல நடக்க வேண்டும் என்று ஈழத்து அம்மையார் கையைப் பிடித்து நடத்திக் காட்டினார். அடுத்த குளிர்காலத்தில் இருவரும் பேருந்தேறி நூலகத்திற்குப் போய்வந்தார்கள். ஊரில் இருந்தவரை என் துணையின்றி அவர் பேருந்தில் ஏறியதில்லை என்பதை அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். அதற்கும் நானே காரணம்.

படம் ஒன்று ஊருக்குப் போயிற்று. நான் அஞ்சியபடியே என் தம்பி தொலைபேசியில் அழைத்தான். "என்ன அண்ணி, பேண்டெல்லாம் போட்டிருக்கீங்க?" என்று சிரித்தான். நான் பேச வாயெடுத்தேன். அவர் தொலைபேசியை வாங்கி, "ஆமாம் தம்பி. உங்க அண்ணன் போட்டிருக்காரே, அதை ஏன் கேட்கலை?" என்றார். மறுமுனையில் பேச்சில்லை.

*

மூன்று குளிர்காலங்களைக் கடந்துவிட்டோம். பிள்ளைகள் அழைக்க, வெப்ப நாட்டிலிருந்து பனி நாட்டுக்குப் புறப்படும் ஓய்வு பெற்ற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். குளிரைப் பற்றி அஞ்சாதீர்கள். அதற்கு உடை உண்டு, மருந்து உண்டு, உப்பு உண்டு. உங்களோடு வரும் அம்மையாரைப் பற்றி எண்ணுங்கள். பயணச்சீட்டு வாங்குமுன், "உனக்கு வர விருப்பமா?" என்று கேளுங்கள். 'போகலாம்' என்றால் மட்டும் போதாது, 'திரும்பலாம்' என்று சொல்லும் உரிமையும் அவருக்கு இருக்கட்டும். அந்நாட்டில் வாழ்வோர் முதியோர் ஓய்வூதியம் பெறக் குறைந்தது 10 ஆண்டுகள் அங்கே குடியிருந்திருக்க வேண்டும். விருந்தினராக வருவோருக்கு அதுவும் இல்லை. அங்கே அவர் கையில் ஒரு காசும் இராது. உங்கள் ஓய்வூதியத்தில் ஒரு பங்கை அவர் பெயரில் வையுங்கள். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அன்பு; அதையே நாள் முழுதும் அவர் தலையில் கட்டிவிட்டு மற்றவர் வெளியே போவது அன்பன்று.

கேளாமல் கொடுப்பது பெருமைதான். நானே மேசையைத் தட்டிச் சொல்லியிருக்கிறேன். ஆனால் மயிலுக்கு வாயில்லை, மனைவிக்கு உண்டு. அவர் தேவையை அவர் வாயால் சொல்லவிட்டு, கேட்டபடி செய்வதுதான் நாம் கற்கவேண்டிய பாடம்.

மீண்டும் ஒரு வகுப்பறை எனக்குக் கிடைக்கப் போவதில்லை. கிடைத்தால் பேகன் பாடத்தை முழுதாக நடத்துவேன், மணியடித்தாலும் நிறுத்தமாட்டேன்.