ஓட்டில்லாதவர்களின் தேர்தல்

1997-ல், கல்கத்தா பவானிபூரில், ஒரு டீக்கடையை ஒட்டிய வாசல் திண்ணையில், மோகன் பகான் கால்பந்து கிளப்பின் அடுத்த பயிற்சியாளர் யார் என்று தீர்மானித்தவர்களில் நானும் ஒருவன். மோகன் பகானின் நிர்வாகக் குழுவை அதன் அங்கத்தினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தக் காலத்தில் குழுதான் பயிற்சியாளரை நியமித்தது. எங்கள் திண்ணையில் கூடிய எட்டுப் பத்துப் பேரில் அங்கத்தினர் அட்டை ஒருவரிடமும் கிடையாது. நானோ வேலை நிமித்தம் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தவன். கால்பந்து பற்றி எனக்கிருந்தது ஆறு வருஷத் திண்ணை ஞானம் மட்டுமே.

ஆனாலும் அங்கே நடந்த வாதத்தின் தீவிரத்தை நம் இலக்கியக் கூட்டங்களில் நான் கண்டதில்லை. நம் கூட்டத்தில் ஒருவன் தவறான கட்சியைப் பேசினால் அவனுக்கு ஒன்றும் நேர்ந்துவிடுவதில்லை. அங்கே அப்படியல்ல. தோற்ற மறுநாள், எதிர்வீட்டு ஈஸ்ட் பெங்கால்காரர் ஹில்ஸா மீனைக் கையில் தொங்கவிட்டபடி, வேண்டுமென்றே மெதுவாக, திண்ணையைக் கடந்து போவதைப் பார்த்தாக வேண்டும்.

அந்தக் காலத்தில் பேச்சு எங்கே தொடங்கினாலும் இரண்டு பெயர்களில் வந்து நின்றது. அமல் தத்தா, பி.கே. பானர்ஜி. இருவரும் இப்போது இல்லை. தத்தா 2016-லும் பி.கே. 2020-லும் மறைந்தார்கள். தத்தா சொந்தச் செலவில் இங்கிலாந்து போய்ப் பயிற்சி முறை படித்தவர். கால்பந்துப் படச் சுருள்களோடு திரும்பி வந்து, புரொஜக்டரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய்ப் போய்ப் போட்டுக் காட்டினவர். தபலாவும் வாசிப்பார். பி.கே. 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணியின் காப்டன். ஆட்டத்துக்கு முன் ஆட்டக்காரர்களிடம் அவர் பேசுகிற பேச்சுக்கு 'வோக்கல் டானிக்' என்றே பெயர் விழுந்துவிட்டது. ஒருவரிடம் கோட்பாடு, மற்றவரிடம் குரல். இப்படிப் பிரிப்பது இருவருக்குமே அநியாயம் என்று இன்று படுகிறது. பி.கே.வுக்குக் கோட்பாடு தெரியாது என்று எவனும் சொல்ல முடியாது. வாய்வீச்சில் தத்தா யாருக்கும் குறைந்தவரும் இல்லை. ஆனால் திண்ணை அப்படித்தான் பிரித்து வைத்திருந்தது, நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

இருவருமே இரண்டு கிளப்புகளுக்கும் வேலை செய்தவர்கள் என்பது எனக்கு வெகுநாள் புரியாத சங்கதியாக இருந்தது. 1975 ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் மோகன் பகானை ஐந்துக்குப் பூஜ்யம் என்று தோற்கடித்த ஈஸ்ட் பெங்காலின் பயிற்சியாளர் பி.கே. அடுத்த வருஷம் அவரே மோகன் பகானுக்கு வந்தார். வரவேற்றார்கள். பயிற்சியாளர் கரை மாறலாம், ஆட்டக்காரன் மாறலாம். திண்ணையில் உட்கார்ந்திருப்பவன் மாற முடியாது. அப்பன் பத்மா நதிக்கு எந்தப் பக்கத்தில் பிறந்தானோ அந்தப் பக்கத்துக் கிளப்தான் இவனுக்கும். போகவும் முடியாமல், தேர்ந்தெடுக்கவும் முடியாமல் இருப்பவர்கள்தான் தேர்வைப் பற்றி அவ்வளவு பேசினார்கள்.

அவர்களில் ஒருவர் காலேஜ் தெருவில் ஓர் அச்சகத்தில் புரூஃப் திருத்துகிறவர். அறுபதை நெருங்கியவர், குரலை உயர்த்தத் தெரியாதவர். அந்த வருஷம் மோகன் பகான் தத்தாவிடம் இருந்தது. அவர் கொண்டு வந்த 'டயமண்ட்' முறையைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருந்தது. நடுக்களத்தில் நான்கு பேர், வைரத்தின் நான்கு முனைகளாக. புரூஃப்காரர் காலித்தாளின் பின்புறத்தில் அதை எனக்குப் பென்சிலால் வரைந்து காட்டினார். எந்த முனை நகர்ந்தால் எந்த முனை எங்கே போக வேண்டும் என்பதை, எழுத்துப் பிழை காட்டுகிற அதே பொறுமையோடு. நம் நாட்டில் ஒருவர் ஆட்டத்தை யோசித்து ஆட வைக்கிறார் என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது. எனக்கும் அது பிடித்தது. மனதார நான் அவர் கட்சி.

ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை. ஃபெடரேஷன் கோப்பை அரை இறுதி. சால்ட் லேக் ஸ்டேடியத்தில் 1,31,000 பேருக்கு மேல். எதிரே ஈஸ்ட் பெங்கால், அதன் பயிற்சியாளராக பி.கே. ஆட்டத்துக்கு முன் தத்தா எதிரணிக்காரர்களின் பெயர்களைத் திரித்துக் கேலி பேசியிருந்தார். நாலுக்கு ஒன்று என்று தோற்றோம். பாய்ச்சுங் பூட்டியா மட்டும் மூன்று கோல். ('தோற்றோம்' என்று எழுதுகிறேன். அந்தப் பன்மையைச் சம்பாதிக்கத்தான் பின்னால் நான் சொன்னதைச் சொன்னேன் போலிருக்கிறது.)

திண்ணை ஒரே நாளில் தத்தாவைக் கைவிட்டது. புரூஃப்காரர் மட்டும், "ஓர் ஆட்டம் தோற்றால் ஓர் எண்ணம் பொய்யாகிவிடுமா?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்கலாம்.

அதன்பின் பெயர்கள் உருள ஆரம்பித்தன. ஒருநாள் மாலை யாரோ சாத்துண்ணி என்றார்கள். டி.கே. சாத்துண்ணி, கேரளத்துச் சாலக்குடிக்காரர். உடனே எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின. விந்தியத்துக்குத் தெற்கே எல்லாம் ஒரே ஊர்தான் அவர்களுக்கு. "உங்கள் தேசத்துக்காரர் ஆயிற்றே தாதா, சொல்லுங்கள்." ஆறு வருஷத்தில் என்னிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. 1990-ல் கேரளா போலீஸ் அணிக்கு அவர் ஃபெடரேஷன் கோப்பை வாங்கிக் கொடுத்தார் என்று ஒரு பத்திரிகைத் துண்டில் படித்ததுதான் எனக்குத் தெரிந்த மொத்தமும். "எனக்கு நன்றாகத் தெரியும்," என்றேன். "கண்டிப்பானவர். பரீட்சையெல்லாம் பண்ணிக்கொண்டிருக்க மாட்டார்." கடைசி வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தேன். திண்ணைக்கு அது தேவைப்பட்டது என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஒருவர் என் முதுகில் தட்டி இன்னொரு மண் குவளை டீ வாங்கிக் கொடுத்தார்.

கலைந்து போகும்போது புரூஃப்காரர் என்னோடு டிராம் நிறுத்தம் வரை வந்தார்.

"அவரை எங்கே பார்த்தீர்கள்?"

"திருச்சூரில்."

"எந்த வருஷம்?"

குத்தலாகக் கேட்கவில்லை. ஒரு தேதி சரிதானா என்று ஓரத்தில் கேள்விக்குறி போடுவது அவருக்கு வழக்கம். டிராம் வந்துவிட்டது. நான் ஏறிக்கொண்டேன்.

சாத்துண்ணி வந்தார். 1997-98 தேசிய லீகை மோகன் பகான் முதல் தடவையாக வென்றது. திண்ணையில் சந்தேஷ் கொடுத்தார்கள், முதலில் எனக்கு. ஊர் தெரியாதவன் என்று நினைத்தோம், இவன்தான் சரியாகச் சொன்னான் என்று ஒரு கிழவர் தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. தெரியாத ஒன்றைத் தெரியும் என்றேன், அது பலித்தும்விட்டது. தப்பாகப் போயிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேனோ என்னவோ. சரியாகப் போனதால் அந்த வழியும் அடைபட்டது. 2024 ஜூனில் சாத்துண்ணி காலமான செய்தி படித்தபோது, கடைசிவரை அவரை நான் நேரில் பார்த்ததே இல்லை என்பதுதான் முதலில் நினைவுக்கு வந்தது.

அன்று புரூஃப்காரரும் வந்திருந்தார். சந்தோஷமாகத்தான் இருந்தார், ஜெயித்தது அவருடைய கிளப். என் கையிலிருந்த சந்தேஷில் பாதியை எடுத்துக்கொண்டார். வருஷத்தை மறுபடி கேட்கவில்லை.