82 கிலோவும் ஒரு சைக்கிளும்

பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசு தரும் விலையில்லா சைக்கிள், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அந்த மாணவிக்கும் கிடைத்தது. வீடு வரை தள்ளிக்கொண்டே வந்தாள். ஓட்டத் தெரியாது. எடை 82 கிலோ. "ஏறினா டயர் வெடிச்சிரும்டி" என்று யாரோ சொன்னது போதும். சைக்கிள் இரண்டு மாதம் திண்ணையோரம் தூசி படிந்து நின்றது.

அதைத் துடைத்தவர் அவளுடைய அப்பத்தா. 1990களின் தொடக்கத்தில் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்த ஆயிரக்கணக்கான பெண்களில் ஒருவர். "அப்ப எங்களப் பாத்தும் ஊரே சிரிச்சுச்சு ஆத்தா. சிரிச்சு முடிச்சதும் அவுக அவுக வேலையப் பாக்கப் போயிட்டாக."

காற்றை நன்றாக அடித்தார்கள். இரண்டு காலும் தரையில் ஊன்றும்படி சீட்டை இறக்கினார்கள். முதல் நான்கு நாள் பெடலே இல்லை. காலால் உந்தி உருட்டுவது மட்டும்தான். சாயும் பக்கமே ஹேண்டில்பாரைத் திருப்பினால் வண்டி நிமிரும் என்பது அப்போதுதான் புரிந்தது. இந்த விதி குண்டு, ஒல்லி பார்ப்பதில்லை.

இரண்டு முறை விழுந்தாள். டயர் வெடிக்கவில்லை. பத்தாம் நாள் பள்ளிக்கு ஓட்டிப் போனாள். மேட்டில் இறங்கித் தள்ளினாள். யாரோ சிரித்தார்கள். மேடு முடிந்ததும் மறுபடி ஏறிக்கொண்டாள்.