செருப்பைக் கழற்றிய இடம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியிலிருந்து சென்னைக்குச் செல்வோர், மரக்காணத்தை நெருங்கும்போது கண்ணைக் கூச வைக்கும் வெண்மையாய் விரிந்து கிடக்கும் உப்பளங்களை ஒரு கணம் பார்த்துவிட்டுக் கடந்து போவார்கள். விடியுமுன்னே அந்த வெண்மைக்குள் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரிக் கூடையில் சுமந்து மேட்டில் கொட்டி ஜீவனம் செய்யும் மக்களிடையே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உபதேசியாராக ஊழியம் செய்தவன் நான். அந்த ஊழியத்தின் கைப்பழக்கம் எனக்கு எவ்வாறு வந்தது என்பதை, நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். தச்சனுக்கும் கொத்தனுக்கும் இருப்பது போலவே சுவிசேஷம் சொல்லுகிறவனுக்கும் கற்றுத் தேற வேண்டிய ஒரு கைவேலை உண்டு. எனக்கு அதைக் கற்பித்தவர்கள் பெரும்பாலும் நான் கற்பிக்கப் போன மக்களேயாவர்.

நான் அங்கே சென்றது வெறுமையான ஓர் இடத்துக்கு அன்று. வடக்கே ஆந்திர தேசத்திலிருந்து வரும் பக்கிங்காம் கால்வாய் வந்து முடிகிற ஊர். கழுவேலி ஏரியின் நீர் முகத்துவாரத்தின் வழியே கடலோடு கலக்கிற ஊர். பூமீஸ்வரர் கோயிலின் சுவர்களில் சோழர் காலத்துக் கல்வெட்டுகளைத் தாங்கி நிற்கிற ஊர். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இதுவே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிற ஊர். ஆண்டவனைப் பற்றிய சொல்லும் நினைவும் எனக்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்த மணலில் ஊறிக் கிடந்தன. இதை நான் புத்தகத்தில் படித்து அறிந்திருந்தேனேயன்றி, கால்களால் அறிந்திருக்கவில்லை.

கால்களால் அறிந்தது முதல் நாளிலேயே நேர்ந்தது. தை மாதத்து ஒரு காலையில், கையில் வேதப் புத்தகமும் காலில் புதுச் செருப்புமாக, தொலைவில் வேலை செய்துகொண்டிருந்தவர்களை நோக்கிக் குறுக்கு வழியாக ஒரு பாத்தியின் நடுவே நடந்து போனேன். அங்கிருந்த பெரியவர் ஒருவர் கையை உயர்த்தி, “உபதேசியாரே, செருப்பைக் கழட்டிட்டு வரப்பு மேல வாங்க. இது மிதிச்சு வச்ச பாத்தி” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. பாத்தி மிதிப்பது என்றால் என்னவென்று அப்போது நான் அறியேன். மழைக்காலம் முடிந்ததும் சேற்றை வெட்டிச் சமன் செய்து, ஆணும் பெண்ணும் வரிசையாக நின்று, வெறுங்காலால் நாள்தோறும் மிதித்து மிதித்து, தரை பலகையைப் போல் இறுகும் வரையில் அதை விடமாட்டார்கள். தரை இறுகாவிட்டால் நீர் உள்ளே இறங்கிவிடும். வாரும்போது உப்போடு சேறும் சேர்ந்து வந்துவிடும். அப்படிப் பல நாள் உழைப்பால் இறுகிய தரையில் என் செருப்பின் தடங்கள் பன்னிரண்டோ பதினான்கோ பதிந்து கிடந்தன. எரியும் முட்செடியின் முன்னே மோசே பாதரட்சையைக் கழற்றும்படி கட்டளை பெற்ற வரலாற்றை எத்தனையோ முறை பிரசங்கித்தவன் நான். அந்தக் கட்டளை எனக்கே வந்தது அன்றுதான். அந்தத் தடங்களை அழிக்க அவர்களோடு சேர்ந்து நானும் மிதித்தேன். மாலையில் பாதங்கள் வெடித்து எரிந்தன.

இப்படி மண்ணோடு மண்ணாக இறங்கிக் கற்றவர் எனக்கு முன்பும் உண்டு. 1706-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், ஒரு திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சிறுவர்களோடு தாமும் சிறுவராக உட்கார்ந்து, மணலில் விரலால் அகரம் எழுதித் தமிழ் கற்றார். அவர் எங்கள் சபையைச் சேர்ந்தவர் அல்லர்; ஆயினும் அந்த மணலில் எழுதிய விரலை நான் அவர் பின்னர் அமைத்த அச்சுக்கூடத்தைவிடப் பெரிதாக மதிக்கிறேன்.

உப்பளத்து மக்களுக்கு எதைச் சொல்லலாம் என்று ஆராய்ந்தபோது, இயேசு தம் சீடரை உப்புக்கு ஒப்பிட்ட வசனமே இயல்பாக முன்னால் வந்து நின்றது. உப்பு தன் சாரத்தை இழந்தால் அது எதற்கும் உதவாது என்னும் பகுதியை நான் மிக உருக்கமாக விளக்கினேன். கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பெரியவர், “உப்பு எப்பிடிங்க உவர்ப்பை இழக்கும்?” என்று கேட்டார். நான் விழித்தேன். அவர் என்னை அழைத்துக்கொண்டு போய்ப் போன வருஷத்து அம்பாரம் இருந்த மேட்டின் ஓரத்தில் உட்கார வைத்து, அங்கே வெளுத்துப் போய் ஒட்டிக் கிடந்த ஒரு கட்டியைப் பெயர்த்து என் கையில் கொடுத்தார். நாவில் வைத்துப் பார்த்தேன்; சுவரில் பூசிய சுண்ணாம்பைப் போல் சப்பென்றிருந்தது. “மழையில உப்பு கரைஞ்சு ஓடிடுச்சு. கூட இருந்தது நிக்குது. வெள்ளையா இருக்கிறதெல்லாம் உப்பு இல்லீங்க” என்றார்.

பிறகு அவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தம் வித்தை முழுவதையும் எனக்குச் சொன்னார். கடல் நீரின் அடர்த்தி மூன்று டிகிரி போலத்தான் இருக்கும். பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் வற்ற வைத்து இருபத்தைந்து டிகிரியை எட்டும்போதுதான் உப்பு பூக்கத் தொடங்கும். அதற்கு முன்பே சுண்ணாம்புச் சத்து ஜிப்சமாக அடியில் படிந்துவிடும். இருபத்தொன்பதைத் தாண்டினால் மிஞ்சிய நீரில் கசப்பு ஏறிவிடும், அதை வடித்துவிட வேண்டும். முன்னாலும் பின்னாலும் வெள்ளையாய் விளைவது உண்டு. இடையில் விளைவதே உணவுக்கு ஆகும் உப்பு. ஊழியத்திலும் அந்த இடைப்பட்ட அளவு ஒன்று உண்டென்றும், அவசரப்பட்டு வாரினாலும் பேராசையால் பிந்தினாலும் கையில் வருவது வேறு பொருளென்றும் நான் பின்னாளில் கண்டுகொண்டேன். அந்த வசனத்தை அதன் பிறகு நான் விளக்கும்போதெல்லாம் அவருடைய கட்டியையே எடுத்துக் காட்டியிருக்கிறேன்.

விசுவாசம் என்ற சொல்லையும் அங்கேதான் நான் இழந்தேன். அளத்தில் எல்லோரும் ஆயா என்றழைக்கும் ஒரு மூதாட்டி, ஒருநாள் சும்மாட்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, “விசுவாசம்னா நாய்க்கு இருக்குமே, அதுவா? சோறு போட்ட மொதலாளியைக் கண்டா வாலாட்டுமே, அதுவா? அது எனக்கு வேணாம் உபதேசியாரே” என்றார். வேறு என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். “பாத்திய மிதிச்சுத் தண்ணியக் கட்டிட்டு வீட்டுக்குப் போறோம். உப்பு கண்ணுல தெரியுதா? வெயிலு பார்த்துக்கும்னு போறோம். அதுக்குப் பேரு நம்புறதுங்க.” எங்களுக்கு அருகிலுள்ள திண்டிவனத்தின் மறைக்கல்வி நிலையம் 1995-இல் வெளியிட்ட திருவிவிலியம், விசுவாசம் என்று முன்னோர் எழுதிவந்த இடத்தில் நம்பிக்கை என்றே எழுதியிருக்கிறது. அறிஞர் குழு கூடி ஆராய்ந்து அடைந்த முடிவுக்கு ஆயா தம் கால்களின் வழியே வந்து சேர்ந்திருந்தார்.

ஆப்பிரிக்காவில் மாடு மேய்த்து வாழும் மாசாய் மக்களிடையே ஊழியம் செய்த வின்சென்ட் டோனவன் என்னும் அமெரிக்கக் குரு 1978-இல் வெளியிட்ட புத்தகத்தைப் பற்றி ஒரு சுவாமியார் சொல்லக் கேட்டபோது, எனக்கு ஆயாவின் முகமே நினைவுக்கு வந்தது. வட டான்சானியாவின் லோலியோண்டோவில் பள்ளியும் ஆஸ்பத்திரியும் நடந்தும், மக்களோடு கடவுளைப் பற்றிய பேச்சே நடக்கவில்லை என்று கண்டு, 1966-இல் தம் ஆயருக்கு எழுதிவிட்டு, சுவிசேஷம் ஒன்றையே எடுத்துக்கொண்டு அவர் மாசாய்க் குடியிருப்புகளுக்குள் நடந்தார். விசுவாசத்துக்கு அவர் வழங்கிய மாசாய்ச் சொல் வெறுமனே ஒப்புக்கொள்ளுதலைத்தான் குறிக்கும் என்றும், அது தூரத்தில் நின்று துப்பாக்கியால் சுடுகிற வேட்டைக்காரனின் செயல் போன்றது என்றும், உண்மையானதோ சிங்கம் தன் முழு உடலாலும் இரையைப் பற்றுவதைப் போன்றது என்றும் ஒரு முதியவர் அவருக்கு எடுத்துரைத்தாராம். அங்கே சிங்கம், இங்கே பாத்தியில் கட்டிய தண்ணீர். இவற்றை எந்தக் குருமடத்திலும் கற்க இயலாது.

ஆனால் கேட்கப் பழகிய காதும் ஒரு தவறான கையால் கெட்டுப்போகும். எங்கள் பக்கத்துச் சரித்திரம் அதற்குச் சாட்சி. புதுச்சேரியில் 1748-இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதை, பிரெஞ்சு ஆட்சியில் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் வேதனையோடு எழுதி வைத்தார். எங்கள் தேவாலயத்திற்குள்ளேயே சாதியின் பேரால் மக்களைப் பிரித்து நின்ற சுவரைப் பற்றியும் எழுதினார். இவற்றை மறைத்துவிட்டு ஒருவன் எந்த வாசலிலும் போய் நிற்கலாகாது என்பது என் உறுதியான எண்ணம்.

என் கையும் தவறியதுண்டு. ஐப்பசி பிறந்தால் அளத்தில் வேலை இல்லை; மழை ஓயும் வரை கூலியும் இல்லை. அத்தகைய ஒரு வருஷத்தில் வெளியூரிலிருந்து ஒரு குழுவினர் அரிசி மூட்டைகளோடு வந்து, ஜெபத்துக்கு உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் சீட்டுக் கொடுத்தார்கள். சீட்டு நீட்டிய கைகளில் என்னுடையதும் ஒன்று. ஆயா பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்து, ஜெபம் முடியும் வரையில் நிமிராமல் உட்கார்ந்திருந்து, சீட்டை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த தையில் நான் பாத்திக்குப் போனபோது எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்; பேசவில்லை. அந்தப் பருவம் முழுவதும், அதற்கடுத்த பருவம் முழுவதும் பேசவில்லை. பசி இருக்கும் மாதங்களில் மதத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை என்றும், கொடுப்பது எதுவாயினும் எவர் பெயரையும் சொல்லாமல் கொடுப்பது என்றும் அப்போது நான் எடுத்துக்கொண்ட நியமத்தைக் கடைசி வரையில் மீறவில்லை.

மூன்றாம் வருஷம் புரட்டாசி கடைசியில், கழுவேலிப் பக்கம் கருத்துக்கொண்டு வந்த ஒரு பிற்பகலில், அம்பாரத்தை மழைக்கு முன்னே மூடிவிட வேண்டுமென்று அளத்தில் இருந்த அத்தனை பேரும் ஓடி ஓடி வேலை செய்தார்கள். செருப்பைச் சாலையோரத்திலேயே விட்டுவிட்டு நானும் போய்ப் பனையோலைகளை எடுத்து மேலே நீட்டிக்கொண்டிருந்தேன். அம்பாரத்தின் சரிவில் நின்று ஓலையை வாங்கி அடுக்கிய ஆயா, என்னைப் பார்க்காமலே, “இந்த வருஷமும் ஒண்ணும் சொல்லாமலே போயிடுவீங்க போல. அந்த உப்புக் கதையையாவது சொல்லுங்க, கேட்டுக்கிட்டே கட்டுறேன்” என்றார்.

காற்று எழுந்துவிட்டது. அடுத்த ஓலையை அவர் கையில் கொடுத்துக்கொண்டே, குரலை உயர்த்திச் சொல்லத் தொடங்கினேன்.