செட்டு மாத்திரை

எங்கள் ஊர் மெடிக்கலில் "செட்டு" என்று கேட்டால் போதும். காய்ச்சலுக்கு ஒரு செட்டு, வயிற்றுப்போக்குக்கு ஒரு செட்டு, மூட்டுவலிக்கு ஒரு செட்டு. அட்டையிலிருந்து கத்தரித்த நாலைந்து மாத்திரைகளைக் காகித உறையில் போட்டுக் கொடுப்பார்கள். பெரியம்மா பல வருஷங்களாக மூன்றாவது செட்டில்தான் நடமாடிக்கொண்டிருந்தார். "ஏனுங் தம்பி, போன வாரம் குடுத்தீங்கல்ல, அதையே குடுங்க." சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. யார் கேட்கிறார்கள்?

கால் வீங்கி, கிரியேட்டினின் 4.8 என்று வந்த அன்று டாக்டர் உறையைப் பிரித்துப் பார்த்தார். டைக்ளோஃபினாக்.

அந்தப் பேரை நான் முதலில் படித்தது பாறு கழுகுகளின் சாவில். மாட்டுக்குப் போட்ட வலி ஊசி, செத்த மாட்டின் கறி வழியாகப் பாறுகளுக்குப் போனது. சிறுநீரகம் செயலிழந்து, யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு அடித்ததுபோலப் படிந்து செத்தன. 2004இல் இது நிரூபணமாவதற்குள் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் பெரும்பகுதி போய்விட்டது. 2006இல் கால்நடைக்கான டைக்ளோஃபினாக்கைத் தடை செய்தார்கள். மனிதருக்கான பெரிய ஊசி பாட்டில்கள் மாடுகளுக்குத் திரும்பியதால், 2015இல் அதையும் 3 மில்லியாகச் சுருக்கினார்கள். எங்கள் பக்கம் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் மிச்சமிருப்பவை இன்னும் பறக்கின்றன.

மனித உடம்பு அந்த அளவுக்குப் பலவீனமில்லை. நாலு நாள் சாப்பிட்டால் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் வலியைக் கிளப்பும் அதே புராஸ்டாகிளாண்டின்தான், உடம்பில் நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயைச் சுருங்கவிடாமல் காக்கிறது. மாத்திரை இரண்டையும் சேர்த்து நிறுத்திவிடும். பெரியம்மாவுக்கு பிரஷர் மாத்திரையும் உண்டு. சிலவகை பிரஷர் மாத்திரைகள் இதோடு சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். அதோடு, களையெடுக்கப் போகிற பெண்கள் காட்டில் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் ஒதுங்க இடம் வேண்டுமே.

"வலி மாத்திரையே தொடக்கூடாதும்மா" என்றார் டாக்டர். சரிதான். குத்தவைத்துக் களையெடுக்க முடியாத முட்டியோடு கூலிக்கு எப்படிப் போவது என்பதற்கு அவரிடம் சீட்டு இல்லை.

இப்போது வாரம் இரண்டு டயாலிசிஸ். மெஷின் ஓடும் நாலு மணி நேரமும் பேச்சுத்துணைக்கு உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் பாறு கதையைச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப கழுகுக்குன்னு தடை பண்ணிப்போட்டாங்களா?"

"ஆமாங் பெரியம்மா."

"நல்லதுதான், பாவம்" என்றார். பிறகு, "அந்தப் போர்வைய முட்டிமேல இழுத்து உடு கண்ணு, குத்துது."